ஆடி மாதத்து ரிலே

பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, அதற்கு மேல் ஹெல்மெட் மாட்டினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் அனுபவத்தோடு சொல்வேன். பூ நசுங்கும், கொண்டை ஒரு பக்கம் சாயும், போகிற வழியெல்லாம் நாய் குரைக்கும்.

ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாள் அது. சிதம்பரத்துக்கு வெளியே, கீரப்பாளையம் போகிற சாலையில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டிருந்தேன். சப்-ஸ்டேஷன் கேட்டில் நின்ற வாட்ச்மேன் என்னை அடையாளம் தெரியாமல் வழிமறித்தார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "அய்யோ மேடமா! நான் யாரோ கோயிலுக்குப் போற அம்மா வழி தப்பி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று எனக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தார். நான் அந்த சப்-ஸ்டேஷனின் உதவிப் பொறியாளர். லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். கடலூரிலிருந்த என் மேலதிகாரி போனில், "ஒரு மணி நேரம் தலையக் காட்டிட்டுப் போயிடும்மா, அந்த ரிலே சமாச்சாரம் உனக்குத்தான் தெரியும்" என்று கெஞ்சினார். பெரிய அதிகாரி கெஞ்சினால் எனக்கு மறுக்கத் தெரியாது. அதட்டினால்தான் மறுப்பேன்.

டெல்லியில் பிரம்பு, பெங்களூரில் சாக்பீஸ்

கரண்ட் சங்கதி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே மின்தொகுப்பில் இணைந்தவை. நெய்வேலியில் விளைகிற கரண்ட், கேரளத்தில் ஓடுகிற மிக்சி எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தொகுப்பின் நாடித்துடிப்புக்கு ஃப்ரீக்வன்சி என்று பெயர். ஐம்பதில் நின்றால் ஆரோக்கியம். எல்லோரும் தங்கள் பங்குக்கு மேல் இழுத்தால் அது இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் ஒருநாள் தெற்கு முழுவதும் ஒரேயடியாக இருண்டுவிடும்.

அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள பெங்களூரில் ஒரு மண்டல மையம். அவர்கள் வகுப்பு லீடர் மாதிரி. யார் அதிகம் இழுக்கிறார்கள் என்று பார்த்து, "குறை, குறை" என்று கத்துவார்கள். கேட்காவிட்டால் போர்டில் பேர் எழுதுவார்கள். அவர்கள் கையில் சாக்பீஸ் மட்டும்தான். பிரம்பு, டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். லீடர் எழுதிக் கொடுத்த பேர்களை வைத்து ஆணையம் மாநிலத்து அதிகாரிகளை வரவழைத்து நிற்க வைக்கும். சில நாள் லீடரையே நிற்க வைத்து, "நீ ஏன் முன்னாடியே சொல்லல?" என்றும் கேட்கும். அதனால் எங்கள் மேல் பெங்களூருக்கு எவ்வளவு கோபமோ, டெல்லி மேல் அவ்வளவு பயம்.

தமிழ்நாடே பவர் கட்டில் வெந்துகொண்டிருந்த காலம் அது. போர்டில் எங்கள் பேர் அழியாமல் இருந்தது.

பத்திரிகை ஒட்டிய பேனல்

கரண்டை நிறுத்துவதில் இரண்டு வகை. ஒன்று, மனிதர் நிறுத்துவது. சென்னையிலிருந்து "இவ்வளவு குறைங்க" என்று சொல்வார்கள். எந்த ஃபீடரை, அதாவது எந்தப் பகுதிக்குப் போகிற மின்பாதையை நிறுத்துவது என்பதை முறை வைத்து நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இந்த முதல் வகையில் எங்கள் ஆபரேட்டர் சகாயம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் ஊரில் கல்யாணம் வைத்தவர்கள் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தார்கள் என்றால், அடுத்ததை சகாயத்துக்கு வைத்தார்கள். அவர் அதை கல்யாண மண்டபத்து ஃபீடரின் சுவிட்ச் பேனலில் செலோடேப்பால் ஒட்டிவிடுவார். கட் நேரம் நெருங்கியதும் மண்டப மேனேஜருக்குப் போன் போவதைப் பல நாள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"மாமா, சகாயம் பேசறேன். தாலி ஏறிடுச்சா?"

"எங்க மச்சான், மாப்ள இப்பதான் வேட்டி மாத்தப் போயிருக்காரு."

"சீக்கிரம் மாத்தச் சொல்லு. உனக்குப் பதிலா கீரப்பாளையத்த நிறுத்தி வச்சிருக்கேன். அங்க உள்ளவங்க என்னத் திட்டிக்கிட்டு இருப்பாங்க."

தாலி ஏறிய செய்தி வந்ததும் கீரப்பாளையத்துக்கு கரண்ட் போய்ச்சேரும், மண்டபத்துக்கு நின்றுபோகும். மொத்தக் கணக்கு மாறாது. மனிதர்களுக்குள் ஒரு அனுசரணை, அவ்வளவுதான்.

இரண்டாவது வகையில் அனுசரணைக்கு இடமில்லை. அதுதான் ரிலே. ஃப்ரீக்வன்சி நாற்பத்தொன்பதுக்கும் கீழே ஆபத்தான எல்லைக்குப் போனால், தான் மாட்டியிருக்கிற ஃபீடரை அது தானாகவே வெட்டிவிடும். யாரையும் கேட்காது. முகூர்த்தமா, பரீட்சையா, வீட்டில் விருந்தாளியா என்று பார்க்காது.

சகாயம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அதனால் ஆடியிலும் மார்கழியிலும் ரிலேவை மண்டபத்து ஃபீடருக்கு மாற்றிவிடுவோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் சர்ச் தெரு ஃபீடருக்கு. "அப்ப எங்க ஆளுங்களும் கல்யாணம் வைக்க மாட்டாங்க மேடம்" என்பார் சகாயம். இந்தியாவிலேயே பஞ்சாங்கம் பார்த்து ரிலே மாட்டிய சப்-ஸ்டேஷன் எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கு அதில் பெருமை வேறு.

அந்த வருஷம் ஆடி பாதியில் டெல்லியின் உத்தரவு வந்து இறங்கியது. பல ஊர்களில் ரிலேவைக் கழற்றியே வைத்திருக்கிறார்களாம். அதனால் இன்று எந்த ரிலே எந்த ஃபீடரில் இருக்கிறதோ அதை மண்டல மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும், இனி அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

எங்கள் ரிலே ஆடி மாதத்து இடத்தில், மண்டபத்து ஃபீடரில் இருந்தது. அங்கேயே அதை முடிந்து வைத்தார்கள். மாற்ற அனுமதி கேட்டோம். கேட்டது கடலூர் போய், சென்னை போய், பெங்களூர் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது.

அப்பா கொடுத்த வாக்கு

என் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ டிரைவர்களை விசில் ஊதி விரட்டியவர். மாப்பிள்ளை வீட்டார் கடலூரில் இருந்து வந்து பேசியபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கேள்வி கேட்டார். "மண்டபத்துல கரண்டு நிக்குமா? ஜெனரேட்டர் இருக்குதா?"

அப்பா காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். "ஜெனரேட்டர் எதுக்குங்க? ஏம் பொண்ணே கரண்ட் ஆபீசுல இன்ஜினீயரு. நம்ம விசேஷத்துல கரண்டு போவாது. இது என் வாக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. மண்டபக்காரர் ஏற்பாடு செய்திருந்த ஜெனரேட்டரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது எனக்கு முந்தின நாள் மத்தியானம்தான் தெரிந்தது. ஊரில் இருந்த மற்ற ஜெனரேட்டர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்யாணங்களுக்குக் கிளம்பிப் போயிருந்தன.

"அப்பா, அந்த ஃபீடர்ல ரிலே இருக்குது. அது அடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு சொன்னா கேக்கும் அது?"

"யாரு சொன்னாலும் கேக்காது. பெங்களூர் அனுமதி இல்லாம நாங்க அதத் தொடக்கூட முடியாது."

"பெங்களூர்காரனுக்கு நம்ம வீட்டு நிச்சயம் தெரியுமா?"

"தெரியாதுப்பா. அதான் பிரச்சினையே."

அப்பா முகம் விழுந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் வாக்கு பொய்த்தால் அவருக்கு அது சின்ன விஷயமில்லை. அந்தத் தாய்மாமன் சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று வேறு கேள்விப்பட்டிருந்தோம். பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தையே தட்டிக்கழித்தவராம்.

சாயங்காலம் சகாயம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மேடம், ஒரு ஒயருதான். நாளைக்கு ஆய்வு முடிஞ்சதும் ஒரு மணி நேரம் கழட்டி வச்சிடறேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் இல்லை, கேட்ட கணமே எனக்கு ஆசை வந்துவிட்டது, அதன் மேல். "ஒவ்வொருத்தனும் அவனவன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஒயரக் கழட்டுனா கடைசியில என்னா நிக்கும்? அத மாட்டி வச்சிருக்கிறதே கழட்டக் கூடாதுன்னுதான சகாயம்!" என்று கத்திவிட்டேன். சகாயம் சிரித்தார். என் நிச்சயதார்த்தப் பத்திரிகையைப் பேனலில் ஒட்டிவிட்டு, "என் வேலை முடிஞ்சிது. மீதிய நடராஜர் பாத்துக்குவாரு" என்றார். சகாயம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர். ஆனால் இக்கட்டான நேரங்களில் உள்ளூர்க்காரரையும் விட்டுவிட மாட்டார்.

'டப்'

பெங்களூரிலிருந்து வந்தவர் பெயர் நாகராஜ். கட்டையான ஆள், சட்டைப்பையில் நாலு பேனா. தமிழ் பேசுவார், கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஏதாவது ஃபங்ஷனா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான் சார். நிச்சயதார்த்தம்."

"அய்யய்யோ! சீக்கிரம் முடிக்கலாம், சீக்கிரம் முடிக்கலாம்!"

உண்மையாகவே சீக்கிரம் முடித்தார். ரிலேவைச் சோதித்தார், சீல் வைத்தார், எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது சகாயம் மெதுவாக, "மேடம், அங்க பாருங்க" என்றார்.

ஃப்ரீக்வன்சி மீட்டரின் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கேயோ பெரிய மின்நிலையம் ஒன்று படுத்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. நாற்பத்தொன்பதைத் தாண்டி இறங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நாகராஜ் சாரும் அடக்கிக்கொண்டுதான் நின்றார், ஆனால் அவருடைய காரணம் வேறு.

டப்.

என் பத்திரிகை ஒட்டிய பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் பாஷையில் பச்சை என்றால் நிறுத்தம்.

"ஒர்க் ஆகுது! பர்ஃபெக்டா ஒர்க் ஆகுது!" நாகராஜ் சார் கைதட்டாத குறை. வருஷக்கணக்காக ரிலேக்களை ஆய்வு செய்கிறவராம். நிஜமாக ஒன்று வேலை செய்வதை அன்றுதான் கண்ணால் பார்க்கிறாராம்.

என் போன் அடித்தது. அப்பா. "பாப்பா, ஒன் ஆளுங்க யாரோ தெரியாம நிறுத்திட்டாங்க. போடச் சொல்லு. தாம்பூலத் தட்டு மாத்தற நேரம், அவுங்க தாய்மாமன் ஃபேனையே பாத்துக்கிட்டு இருக்காரு."

"யாரும் நிறுத்தலப்பா. தானா நின்னுடுச்சி. கொஞ்ச நேரம் ஆவும்."

அப்பா போனை வைத்துவிட்டார்.

நாகராஜ் சார் என் முகத்தைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், பத்திரிகையைக் கிட்டே போய்ப் பார்த்தார். "இது என்ன?" என்றார். சகாயத்துக்கு வாய் நிற்காது. பத்திரிகை வழக்கம், ஆடி, மார்கழி, தவக்காலம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். நிச்சயதார்த்தம் போனதோடு வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நாகராஜ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மண்டபம் காலியா இருக்கிறப்போ அங்கே ரிலே மாட்டுவீங்க. சரி. ரிலே அடிச்சா எவ்ளோ லோடு குறையும்?"

"அந்த ஃபீடர்ல மண்டபம் மட்டும் இல்ல சார், நாலு தெரு இருக்குது" என்று எகிறினேன்.

"நீங்களே பாருங்க மேடம்."

எந்த ஃபீடர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சுவரில் தொங்கிய தினசரி லோடு கணக்கைப் பார்த்தேன். ஆடியில் அந்த ஃபீடர் பாதி தூக்கத்தில் இருந்தது. அப்போது ரிலே அடித்திருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. தொகுப்புக்கும் அதனால் பெரிதாக லாபமில்லை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு நல்லது நினைத்தோமே தவிர, மூழ்குகிற கப்பலில் காலி மூட்டையைத் தூக்கிக் கடலில் போட்டுக்கொண்டிருந்தோம். டெல்லி ஏன் கத்துகிறது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது.

"சரி சார். வருஷம் பூரா ஒரே மாதிரி லோடு இருக்கிற ஃபீடருக்கு மாத்திக் குடுங்க. முறையா."

"எது அப்படி இருக்கு?"

சகாயம் யோசிக்காமல், "பஸ் ஸ்டாண்டு ஃபீடர்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் வீடு அந்த ஃபீடரில்தான் இருக்கிறது.

"அதுவே இருக்கட்டும் சார்" என்றேன். அவர் மண்டலக் கூட்டத்தில் வைத்து, ஆணையத்துக்கும் சொல்லிவிடுவதாக எழுதிக்கொண்டார். அவர் கையில் போன் இருந்தது. பெங்களூருக்குப் பேசி மண்டபத்து ஃபீடரை முதலில் போடச் சொல்ல அவரால் முடிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

டியூப் லைட்டுக்குச் சகுனம் இல்லை

மண்டபத்துக்குள் நுழைந்தபோது அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆளாளுக்குப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பா தூண் ஓரமாக, பஸ் வராத டைம் கீப்பராக நின்றிருந்தார்.

தாய்மாமன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தட்டு மாத்தப் போற நேரத்துல வெளக்கு அணையறது சரியாப் படல. வேற ஒரு நாள் பாத்துக்கலாமே."

நான் பக்கத்தில் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ரிலே, ஃப்ரீக்வன்சி, எல்லாம். யாருக்கும் விளங்கின மாதிரி தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும், கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார், முன்னால் நகர்ந்து, "எவ்ளோ வரைக்கும் எறங்குச்சிங்க?" என்று கேட்டார். நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. பதில் சொன்னேன். "அடேங்கப்பா!" என்றார்.

அப்போதுதான் அவருடைய அம்மா வாயைத் திறந்தார். அதுவரை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தவர்.

"தம்பி," என்றார், தன் அண்ணனான அந்தத் தாய்மாமனைக் கண்டுகொள்ளாமல், மகனைப் பார்த்து, "குத்துவெளக்கு எரியுதா பாரு."

"எரியுதும்மா."

"அப்பறம் என்னா? டியூப் லைட்டுக்கெல்லாம் சகுனம் பாத்தா இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆவாது. தட்ட எடுங்க அண்ணே." பிறகு என் பக்கம் திரும்பி, சாய்ந்த கொண்டையையும் நசுங்கிய பூவையும் பார்த்தார். "சொந்த நிச்சயத்துக்கே கரண்டப் போட்டுக்காதவ. நாளைக்கு ஏம் புள்ள பாடு என்னா ஆவப்போவுதோ!"

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. தட்டு மாறியது. பாயசம் பரிமாறும்போது ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. இலையெல்லாம் பறந்தது.

மூன்றாவது முடிச்சு

மார்கழியில் அனுமதி வந்தது. ரிலே முறைப்படி பஸ் ஸ்டாண்டு ஃபீடருக்குக் குடிபோனது. அதன் பிறகு வீட்டில் திடீரென்று கரண்ட் போனால் அப்பா, "ஒன் பெங்களூர்காரன் வந்துட்டான் பாரு" என்பார்.

தை மாதத்தில் கல்யாணம், அதே மண்டபம். இந்தத் தடவை அப்பா ஜெனரேட்டர் வைத்தார். மண்டபத்துக்குப் பின்னால் அது ஊர்த்திருவிழாத் தேர் போல நின்றது. குடும்பத்தோடு நடராஜரைத் தரிசிக்க வந்திருந்த நாகராஜ் சார், பத்திரிகை அனுப்பியிருந்ததால் நேராக மண்டபத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சகாயம் மட்டும் வரவில்லை. அவருக்கு டூட்டி. ஆள் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "நான் அங்க இருக்கறதுதான் மேடம் உங்களுக்கு நல்லது" என்றுவிட்டார்.

மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். தாலி இன்னும் ஆசீர்வாதத்துக்காகத் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மண்டப மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். மேடைக்குக் கீழே நின்று, அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் இல்ல மச்சான்... தோ, தட்டு வருது... கீரப்பாளையத்துல திட்டுனா திட்டட்டும், இன்னும் ரெண்டு நிமிஷம்..."

கெட்டிமேளம் முழங்கியது. ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. மூன்றாவதை நாத்தனார் போட்டாள். மேனேஜர் போனில், "ஏறிடுச்சி!" என்று கத்தினார்.

விளக்குகள் அணைந்தன. ஃபேன்கள் தளர்ந்து நின்றன. வீடியோக்காரர் "அய்யோ" என்றார். மைக் செத்துப்போனது, நாதஸ்வரமும் தவிலும் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. பின்னால் ஜெனரேட்டரைக் கிளப்ப யாரோ ஓடினார்கள். தாய்மாமன் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்கு முன்னால் நாகராஜ் சார் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் அப்பாவிடம், மேளத்தையும் மீறிக் கேட்கும்படி சொன்னார்:

"இது ரிலே இல்லே சார். ரிலே வெயிட் பண்ணாது."

அப்பா எழுந்து நின்றார். கீரப்பாளையம் சாலை இருக்கிற திசையைப் பார்த்து, கல்யாணத்துக்கு வராத அந்த ஆளுக்கு, ஒரு கும்பிடு போட்டார்.